உடல் நலமும் உளத் தெளிவும்

தமிழகத்தின் வடபகுதியில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஓர் உறுப்பாக விளங்குவது சவ்வாது மலை. இதனை ஜவ்வாது மலை என்றும் வழங்குவர். திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் இம்மலை பரந்து கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இம்மலையிலேதான். சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டு நிலங்களும், பலாவும் புளியும் கடுக்காயும் நல்கும் காடுகளும், மலைத்தேனும் இதன் செல்வங்களாகும். இங்கு வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கேரள நாட்டாரைக் குறிப்பதன்று. மலையில் வாழ்வோர், மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வழங்குவது. தம் முன்னோர் காஞ்சி நகரை விட்டு மலையேறி வந்தவர் என்பது இம்மக்களிடையே வழங்கிவரும் மரபுக் கதை.

மலைவாழ்வு கால்களின் வலிமையால் நடைபெறும் வாழ்வு. கொல்லைக்கும் காட்டுக்கும் சுனைக்கும் சந்தைக்கும் ஏறியும் இறங்கியும் நடந்தே பழகியவர் இம்மக்கள். சாலைகளும் பேருந்துகளும் வந்துவிட்ட இந்நாளிலும் பல சிற்றூர்களில் இந்நடை முற்றிலும் நின்றுவிடவில்லை. மலைவழி நடப்பாரின் களைப்பைப் பழந்தமிழ்ப் புலவரும் நன்கு அறிந்திருந்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், செங்கண்மா என்னும் ஊரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பற்றியது. அவ்வூரே இந்நாளில் சவ்வாது மலையின் அடிவாரத்தில் செங்கம் என வழங்குகிறது. கூத்தரை நன்னனிடம் வழிப்படுத்தும் புலவர் பெருங்கௌசிகனார், அரசன் தரும் பரிசிலைச் சொல்வதோடு அமையவில்லை. வழியில் நேரும் இடர் எது, தங்கத் தக்க இடம் எது, கிடைக்கும் உணவு எது என்பவற்றையெல்லாம் விரித்துரைக்கிறார். பசித்தும் களைத்தும் அஞ்சியும் சென்று சேர்பவன் தன் கலையைச் செவ்வனே நிகழ்த்த மாட்டான் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

இதே உண்மை இந்நாளில் கல்வி நாடிச் செல்லும் இளைஞருக்கும் பொருந்தும். மலையூர்களிலிருந்து இளைஞர் பலர் மேற்படிப்புக்காகவும் வேலைக்காகவும் சமவெளி நகரங்களுக்குச் செல்கின்றனர். புதிய ஊர், புதிய பழக்கம், விடுதி உணவு, வீட்டில் உள்ள கடன், தம்பி தங்கையரின் படிப்பு, தேர்வு பற்றிய அச்சம் ஆகிய அனைத்தும் ஒருங்கே அவர்களைச் சூழ்கின்றன. அவர்களுள் ஒருவன் பாடத்தில் பின்தங்கினால், “இவனுக்குப் படிப்பு ஏறாது” என்று ஊரார் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நாளடைவில் அவனும் அதனை நம்பிவிடுகின்றான். இத்தீர்ப்பு சரியானதா? அறிவு குறைந்தமையால் அவன் பின்தங்கினானா? அன்றி, உள்ள அறிவைப் பயன்படுத்த முடியாதவாறு வேறு ஏதேனும் தடுக்கிறதா? இவ்வினாவுக்கு விடை காண்பது இன்றியமையாதது. ஏனெனில், ஓர் இளைஞனின் வாழ்நாள் முழுவதும் இத்தீர்ப்பைப் பொறுத்து அமைந்துவிடக்கூடும்.

உள்ளமும் உடலும்

உள்ளத்தையும் உடலையும் தொடர்பற்ற இரண்டாகத் தமிழ்ச் சான்றோர் கருதவில்லை. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் உண்டு. மெய் என்பது உடம்பு. உள்ளத்து உணர்வு உடம்பின்கண் தோன்றுதலே மெய்ப்பாடு. அச்சம் உண்டாயின் உடல் நடுங்குகிறது. வெகுளி எழுந்தால் கண் சிவக்கிறது. உவகை பெருகின் முகம் மலர்கிறது. இவ்வாறு உணர்வுகளை எட்டு வகையாக இலக்கணம் பகுத்துக் காட்டுகிறது.

உணர்வு உடம்பில் தோன்றும் முறையை இருபதாம் நூற்றாண்டின் உடலியல் அறிஞர் ஆராய்ந்து விளக்கினர். அமெரிக்க நாட்டு வால்ட்டர் கானன் என்பவர், அச்சமோ சினமோ எழும்போது உயிரினத்தின் உடல் போரிடுவதற்கோ ஓடித் தப்புவதற்கோ ஆயத்தமாகிறது என்று காட்டினார். சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் என்னும் சிறு சுரப்பிகள் அப்போது விரைந்து வேலை செய்கின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் அட்ரினலின் என்னும் நீர் குருதியில் கலக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, மூச்சு மிகுகிறது, குருதியில் சருக்கரை ஏறுகிறது, செரிமானம் தளர்கிறது. காட்டுப் பாதையில் கரடியை எதிர்ப்பட்டவனுக்கு இம்மாற்றங்கள் உயிர்காக்கும் துணையாகும்.

கரடி அகன்றதும் உடல் அமைதி அடைகிறது. ஆனால் கடனும், அவமதிப்பும், தேர்வு பற்றிய அச்சமும் கரடியைப் போல் விரைவில் அகல்வன அல்ல. அவை நாள்தோறும் உடனிருந்து வருத்துவன. ஆன்சு செலி என்னும் அறிஞர், துன்பத்தின் வகை எதுவாயினும் அது நீடிக்கும்போது உடல் ஒரே தன்மையான வாட்டத்தை அடைகிறது என்பதை 1936 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். மன அழுத்தம் என்று இந்நாளில் யாவரும் வழங்கும் கருத்து அவர் ஆய்வின் வழியே உலகெங்கும் பரவியது. கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பு நீர் நெடுநாள் மிகுந்திருந்தால் உறக்கம் கெடுகிறது, குருதியழுத்தம் உயர்கிறது, நோயைத் தடுக்கும் ஆற்றல் குன்றுகிறது, நினைவாற்றலும் தளர்கிறது. சிறிதளவு பரபரப்பு ஊக்கம் தரும். ஓயாத பரபரப்போ உடலையும் அறிவையும் ஒருங்கே அரித்துவிடும்.

அறுவடைக்கு முன்னும் பின்னும்

கவலை அறிவை மறைக்கும் என்பதற்குத் தொலைநாட்டுச் சான்று தேட வேண்டுவதில்லை. சவ்வாது மலை அமைந்துள்ள திருவண்ணாமலை மாவட்டத்தின் ஊர்களிலும், அடுத்துள்ள விழுப்புரம் மாவட்டத்தின் ஊர்களிலுமே அத்தகைய ஆய்வு ஒன்று நடைபெற்றது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் சாபிர், சியாயிங் சாவோ ஆகிய நால்வரும் அதன் முடிவுகளை 2013 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்கள் அவ்வாய்வில் பங்கு கொண்டனர்.

கரும்பு உழவர்க்குப் பெரும்பணம் கைக்கு வருவது அறுவடைக்குப் பின்னரே. அறுவடைக்கு முந்திய திங்கள்களில் பலர் கடன் வாங்குகின்றனர். நகைகளை அடகு வைக்கின்றனர். செலவை எண்ணி எண்ணி நாளைக் கழிக்கின்றனர். ஆய்வாளர்கள் ஒரே உழவரை அறுவடைக்கு முன் ஒருமுறையும் அறுவடைக்குப் பின் ஒருமுறையும் சந்தித்தனர். வடிவங்களின் ஒழுங்கை உய்த்துணரும் தேர்வும், கவனத்தைச் சோதிக்கும் தேர்வும் இருமுறையும் வைத்தனர். அறுவடைக்குப் பின் சிறப்பாக விடையிறுத்த உழவரே, அதற்கு முன் தடுமாறினர். ஆள் ஒருவரே, கல்வியும் ஒன்றே, பிறவி அறிவும் ஒன்றே. மாறியது அவர் மீதிருந்த கவலைச் சுமை மட்டுமே. ஆலைகள் வெவ்வேறு உழவர்க்கு வெவ்வேறு காலத்தில் கரும்பு வெட்ட நாள் குறிப்பதால், பருவ மாற்றமே இதற்குக் காரணம் என்று கூறவும் இடமில்லை.

இவ்வாய்வு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. கவலை உடலை வாட்டுவதோடு நிற்பதில்லை. அறிவு தங்கியிருக்க வேண்டிய இடத்தையும் தானே பிடித்துக் கொள்கிறது. ஒரு கையில் நீர்க்குடத்தை ஏந்தியவன் மறுகையால் மட்டுமே வேலை செய்ய முடியும் அன்றோ? அதுபோல, கடனையும் நோயையும் எண்ணிக்கொண்டிருக்கும் மனம் எஞ்சிய சிறுபகுதியைக் கொண்டே பாடத்தைப் பயில்கிறது. இத்தகைய சுமை, ஓர் இரவு முழுவதும் உறங்காதிருந்தவனின் தளர்ச்சிக்கு ஒப்பாகும் என்று அவ்வாய்வாளர் மதிப்பிட்டனர்.

காவலூர் கூறும் பாடம்

இவ்வுண்மையை விளக்கவல்ல உவமை சவ்வாது மலையிலேயே இருக்கிறது. மலையின் காவலூர் என்னும் சிற்றூரில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில், வானாய்வு நிலையம் ஒன்று அமைந்துள்ளது. வானியல் அறிஞர் வைணு பாப்பு அவ்விடத்தைத் தேர்ந்து நிலையத்தை உருவாக்கினார். அவர் 1982 ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் கனவு கண்ட பெரிய தொலைநோக்கி 1986 ஆம் ஆண்டில் நாட்டுக்கு அளிக்கப்பட்டு, அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அதன் ஆடியின் குறுக்களவு 2.34 மீட்டர் ஆகும்.

அத்துணைப் பெரிய ஆடியும் மழை முகில் வானை மூடிய இரவில் ஒரு விண்மீனையும் காட்டுவதில்லை. அதனைக் கண்டு, “ஆடி பழுதாயிற்று” என்று எவரும் சொல்வதில்லை. முகில் விலகட்டும் என்று காத்திருக்கின்றனர். முகில் விலகியதும் அதே ஆடி நெடுந்தொலைவில் உள்ள விண்மீன்களையும் காட்டுகிறது. இளைஞனின் அறிவும் அத்தகையதே. நோயும் பசியும் உறக்கமின்மையும் அச்சமும் முகிலாய் மூடியிருக்கும்போது அவன் அறிவை அளந்து, அது குறையுடையது என்று முடிவு கட்டுதல் முறையாகாது. முகிலை விலக்கும் வழியைத் தேடுதலே அறிவுடைமை.

உடல் வலிமை அறிவுக்குத் துணை

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். உடல் எடையில் நூற்றில் இரண்டு பங்கே அது. எனினும், ஓய்ந்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளையே கொள்கிறது. அவ்வாற்றலுக்கு வேண்டிய உயிர்க்காற்றையும் உணவையும் கொண்டு சேர்ப்பது குருதி. ஆதலின் இதயமும் நுரையீரலும் குருதியும் நலமாயிருந்தால் அன்றி மூளை செவ்வனே தொழிற்படுவது அரிது.

சுவீடன் நாட்டில் 1950 முதல் 1976 வரை பிறந்து, படைப்பணிக்காகச் சோதிக்கப்பட்ட 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களின் பதிவுகளை அறிஞர்கள் ஆராய்ந்து 2009 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 18 வயதில் இதயமும் நுரையீரலும் சேர்ந்து உழைக்கும் திறன் மிக்கிருந்தவர் அறிவுத் தேர்வுகளிலும் சிறந்து விளங்கினர். தசை வலிமைக்கும் அறிவுத் தேர்வுக்கும் இத்தகைய தொடர்பு காணப்படவில்லை. 15 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் அத்திறனை வளர்த்துக் கொண்டோர் அறிவுத் தேர்விலும் மேம்பட்டிருந்தனர். எனவே, பளு தூக்கித் தோள் பெருக்குவதே உடல்வளம் என்று எண்ணுதல் பொருந்தாது. நடத்தல், ஓடுதல், மலையேறுதல், நீந்துதல், பந்தாடுதல் ஆகியவை இதயத்துக்கும் மூளைக்கும் ஒருங்கே நலம் பயப்பன. வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்பது உலக நல நிறுவனத்தின் அறிவுரை. மலையூரில் பிறந்தவன் இதனை ஓரிரு நாளிலேயே முடித்துவிடுவான். அவனே நகர விடுதிக்கு வந்தபின் நாள் முழுதும் அமர்ந்தே இருப்பானாயின், தன்னோடு கொண்டுவந்த செல்வத்தை அறியாமல் இழந்தவனாவான்.

உணவும் அத்தகையதே. திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருந்தின் பெயர் எதனையும் கூறாமல், முன் உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணும் நெறியையே பெரிதும் வற்புறுத்துகிறார். உண்ணும் பொருளையும் ஆய்ந்து கொள்ளுதல் வேண்டும். மலையில் விளையும் சாமையின் தவிட்டில் நார்ப்பொருளும் தாதுச் சத்துகளும் உள்ளன. மிகவும் தீட்டினால் அவை நீங்கிவிடுகின்றன. குருதியில் இரும்புச் சத்துக் குறையின் சோர்வும் கவனக் குறைவும் தோன்றும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச் சோகை உடையவர். வகுப்பில் சோர்ந்து அமர்ந்திருக்கும் மாணவியைச் சோம்பேறி என்று கடிவதற்கு முன், அவள் குருதியைச் சோதிக்கச் செய்தல் நலம். கீரையும் பயறும் நாள்தோறும் உண்ணுதல் வேண்டும். அவற்றோடு நெல்லிக்கனி, எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றைச் சேர்த்துக் கொண்டால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். உணவோடு தேநீர் பருகினால் அச்சத்துச் சேர்வது தடைப்படும்.

உறக்கம் வீணாகக் கழியும் பொழுதென்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. பகலில் கற்றதை மூளை ஒழுங்குபடுத்தி நிலைநிறுத்துவது பெரிதும் உறக்கத்திலேதான். இளைஞருக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேர உறக்கம் வேண்டும். தேர்வுக்கு முந்திய இரவு முழுவதும் விழித்துப் படிப்பவன், ஓட்டைக் குடத்தில் நீர் முகப்பவனை ஒப்பான்.

இளமையின் தனிச் சிறப்பு

உடல் வளர்ச்சி பதினெட்டு வயதளவில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் மூளையின் வளர்ச்சி அப்போது முற்றுப்பெறுவதில்லை. நெற்றியின் பின்னே அமைந்த மூளைப்பகுதி, வருவதை முன்னறிந்து திட்டமிடுவதற்கும், உணர்ச்சியை அடக்குவதற்கும், நன்மை தீமைகளை எடைபோடுவதற்கும் உரியது. அப்பகுதி இருபத்தைந்து வயதளவும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. மேற்படிப்பு, தொழில், திருமணம் ஆகிய பெரிய முடிவுகளை வாழ்க்கை இக்காலத்திலேயே வேண்டி நிற்கிறது. கருவி முற்றுப்பெறும் முன்னரே பெரும்பணி வந்து சேர்கிறது. ஆகவே இளமையில் உடலைப் பேணுதலும் சுமையைக் குறைத்தலும் பிற பருவத்தினும் மிகுதியாக வேண்டப்படுவன.

சுமை குறைந்தால் மலைநாட்டு அறிவு எத்துணை ஒளிரும் என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. சவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி என்னும் மலையாளி இன நங்கை, சட்டம் பயின்று உரிமையியல் நீதிபதிக்கான தேர்வுக்கு ஆயத்தமானார். தேர்வு நாளை ஒட்டி அவருக்கு மகப்பேறு வாய்த்தது. மகவு பிறந்த சில நாள்களுக்குள்ளாகவே அவர் சென்னைக்குச் சென்று 2023 நவம்பரில் அத்தேர்வை எழுதினார். 2024 பிப்ரவரியில், தம் 23 ஆம் வயதில், உரிமையியல் நீதிபதிப் பதவிக்குத் தேர்வு பெற்றார். தாயும் கணவரும் அவருக்கு உறுதுணையாக நின்றனர். முதலமைச்சரும் அவரோடு அவ்விருவரையும் சேர்த்தே பாராட்டினார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து கற்க வேண்டிய பாடத்தை நுணுகி நோக்குதல் வேண்டும். பேறுகாலத்து உடலை வருத்திக்கொண்டு பயணம் செய்தல் எல்லார்க்கும் விதியாகாது. அவ்வாறு செய்யாதவர் ஊக்கமற்றவரும் ஆகார். உறுதி அவருடையது, அவ்வுறுதி தடுமாறாதவாறு சுமையைப் பங்கிட்டுக் கொண்டவர் அவருடைய குடும்பத்தார். தனி ஒருவரின் உறுதியும் பிறர் நல்கும் துணையும் இரண்டும் கூடிய இடத்திலேதான் வெற்றி பிறக்கிறது.

செய்யத் தக்கவை

இளைஞர் தம் பொருட்டுச் செய்துகொள்ள வேண்டியவை சில. நாள்தோறும் உடல் வியர்க்க நடத்தலோ ஆடுதலோ வேண்டும். காலத்தில் உண்டு, காலத்தில் உறங்குதல் வேண்டும். கவலை மிகும்போது அதனை நெஞ்சிலேயே புதைத்து வைத்தல் ஆகாது. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். செய்ய வேண்டியவற்றை ஏட்டில் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடிப்பவன், அவை அனைத்தையும் மனத்திலேயே சுமப்பவனைவிட எளிதில் கரையேறுவான். மதுவும் புகையிலையும் கவலையைத் தீர்ப்பன போலத் தோன்றினும், உறக்கத்தைக் கெடுத்து உடலை வாட்டிக் கவலையையே வளர்க்கும். துயரம் வாரக்கணக்கில் நீங்காதிருந்தாலும், உயிர்மேல் வெறுப்புத் தோன்றினாலும் மருத்துவரை நாடத் தயங்குதல் கூடாது. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதில் நாணம் இல்லை. மனத்தின் நோய்க்குச் செல்வதிலும் நாணம் வேண்டா. 2022 ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் பணியை 14416 என்ற தொலைபேசி எண்ணில் எவரும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பெரியோர்க்கும் கடமை உண்டு. பின்தங்கிய மாணவனிடம் ஆசிரியர் முதலில் கேட்க வேண்டியது, “ஏன் படிக்கவில்லை?” என்பதன்று, “உண்டாயா? உறங்கினாயா? வீட்டில் யாவரும் நலமா?” என்பதே. உதவித்தொகை உரிய நாளில் கைக்கு வருமாயின், அது வயிற்றுக்கு உணவாவதோடு அறிவுக்கு இடமும் தரும். விடுதியில் நல்ல உணவும், மாலையில் விளையாட இடமும், இரவில் அமைதியும் அமைத்துத் தருதல் கல்விப் பணியின் ஒரு பகுதியே ஆகும்.

இடுக்கண் வந்தபோது கலங்காதிருத்தல் சிறந்த பண்பு. ஆயினும், அக்கலங்காமையை வெறும் வயிற்றினிடமும் விழித்த கண்ணினிடமும் எதிர்பார்த்தல் இயல்பாகாது. உடலைப் பேணுவோர் உள்ளத்தையும் பேணுகின்றனர். பிறர் சுமையைக் குறைப்போர் பிறர் அறிவை வளர்க்கின்றனர். மலையிலாயினும் சமவெளியிலாயினும், “எனக்கு அறிவில்லை” என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் இளைஞன் இதனை உணர்வானாக. உடல் தேறி, கவலை குறைந்து, உறக்கம் கூடிய பின்னரே அவன் தன் அறிவை அளந்து பார்க்கட்டும். தான் எண்ணியதினும் அது பெரியது என்பதை அப்போது காண்பான்.